தொட்டால் குளிராத பின்துணி

2019ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி காலையில் மினியாபொலிஸ் நகரின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 28 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, செல்சியஸ் கணக்கில் மைனஸ் 33க்கு, இறங்கியது. அன்று மினசோட்டாவில் தபால் விநியோகத்தையே நிறுத்தி வைத்தார்கள். முதன்முறையாக என்னோடு ஒரு குளிர்காலத்தைக் கழிக்கத் திருப்பூரிலிருந்து வந்திருந்த அப்பா, நான் எட்டு மாதம் உழைத்துத் தைத்திருந்த கில்ட் என்ற அடுக்குப் போர்வையைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது, கில்ட்டுக்கு அடியில் இன்னொரு போர்வை இருந்தது. காரின் பின்னிருக்கையில் கிடந்த, மலிவு விலைக்கு வாங்கிய, பஞ்சுபோல மெத்தென்ற ஃபிளீஸ் துணிப் போர்வை அது.

"கண்ணு, நீ தெச்சது ரொம்ப நல்லா இருக்குது. ஆனா மேல போட்ட ஒடனே சில்லுனு அடிக்குது பாரு, அத மட்டுந்தான் தாங்க முடியல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அதன்பின் நான் தைத்த கில்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபிளீஸ்தான் பின்துணி. அது சோம்பேறித்தனமான குறுக்குவழி என்று கருதும் கில்ட் தையற்காரர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லவும், முதன்முறையாக முயல்கிறவர்கள் நான் செய்த தவற்றைச் செய்யாமல் இருக்கவும் இதை எழுதுகிறேன்.

கில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. துண்டுத் துணிகளை வடிவமாக இணைத்துத் தைத்தது மேல்துணி. அதற்கடியில் விரிப்பாக அமைவது இடைப்பஞ்சு. எல்லாவற்றுக்கும் கீழே, உடம்பைத் தொடும் பக்கமாக இருப்பது பின்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலோட்டம் அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது; ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டி வேலையை முடித்து வைக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்தது 'லாக் கேபின்' என்ற பழைய அமெரிக்க வடிவம். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டியதுபோல ஒளிர்ந்த நிறங்களும் இருண்ட நிறங்களுமாகப் பட்டைகள். அந்த நிறங்களைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. பின்துணிக்கான பருத்தியைத் தேர்ந்தெடுக்க நான் செலவிட்டது கடையில் பத்து நிமிடம். ஆனால் போர்த்திக்கொள்கிறவருக்கு மேல்துணி கண்ணில்தான் படுகிறது. அவருடைய கழுத்திலும் கையிலும் பாதத்திலும் படுவது பின்துணி மட்டுமே.

பருத்தி ஏன் சில்லென்று இருக்கிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. கில்ட்டுக்குப் பயன்படும் பருத்தித் துணி பாவும் ஊடையுமாக நெருக்கமாக நெய்யப்பட்டது. அதன் பரப்பு வழவழப்பாகத் தட்டையாக இருப்பதால் தோலோடு முழுமையாக ஒட்டி, உடம்பின் சூட்டை உடனே வாங்கிக்கொள்கிறது. பருத்தி காற்றின் ஈரத்தையும் தன்னுள் வைத்திருக்கும். ஃபிளீஸில் தோலைத் தொடுவது நிமிர்ந்து நிற்கும் நுண்ணிய இழைகளின் நுனிகள்தாம். நுனிகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று, சூடு வெளியேறுவதைத் தடுக்கிறது. பாலியெஸ்டர் இழை ஈரத்தை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. ஐந்து நிமிடம் கழிந்தபின் இரண்டு துணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அந்த முதல் ஐந்து நிமிடத்தைத் தாங்க முடியாத உடம்புகள் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய, வாழ்நாள் முழுவதும் கொங்கு நாட்டு வெயிலில் இருந்த என் அப்பாவின் உடம்பு அப்படிப்பட்டது.

அன்று மாலை அப்பா அந்த ஃபிளீஸ் போர்வையை விளக்கின் அருகே கொண்டுபோய் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், விரல்களுக்கிடையே தேய்த்தார், அகலவாக்கில் இழுத்தார். "இது ரெண்டு பக்கமும் ரைசிங் அடிச்ச துணி" என்றார். அவர் சொன்னால் அதில் தவறு இருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் திருப்பூரில் ரைசிங் மெஷின் ஓட்டியவர். நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் சுழன்று, பின்னல் துணியின் வளையங்களைக் கிளறி, இழைகளை மேலே இழுத்துப் பஞ்சுபோல ஆக்குகிற இயந்திரம் அது. நான் சிறுமியாக இருந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் அவருடைய புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். திருப்பூரில் ஃபிளீஸ் என்று சொன்னால் அது பெரும்பாலும் ஸ்வெட்ஷர்ட்டுக்குப் போகிற பருத்தித் துணியைத்தான் குறிக்கும்: வெளிப்பக்கம் வழவழப்பாகவும் உட்பக்கம் மட்டும் ரைசிங் செய்ததாகவும் இருக்கும். இங்கே போர்வையாக விற்கிற போலார் ஃபிளீஸ் முழுக்கப் பாலியெஸ்டர். இரண்டு பக்கமும் கிளறி, பிறகு உயரம் ஒன்றாக இருக்கும்படி கத்தரித்து விட்டது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். இரண்டும் பின்னல் துணிகள். இந்த ஒன்றை மறந்ததால்தான் என் முதல் முயற்சி கெட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போலார் ஃபிளீஸ் பிறந்த இடமும் ஒரு துணியாலை ஊர்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கிய மால்டன் மில்ஸ் என்ற ஆலை, 1979ஆம் ஆண்டளவில் இதை உருவாக்கியது. ஆட்டுக் கம்பளியின் சூட்டைத் தந்து, அதைவிட எடை குறைவாகவும், நனைந்தால் விரைவில் உலர்வதாகவும் இருக்கிற துணி மலையேறுபவர்களுக்குத் தேவைப்பட்டது. பேட்டகோனியா நிறுவனம் அந்தத் துணியை உடையாக்கி மக்களிடம் கொண்டு சேர்த்தது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி இரவு அந்த ஆலையில் பெரும் தீ பிடித்தது. உரிமையாளர் ஆரன் ஃபோயர்ஸ்டீன் காப்பீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கலாம்; அவரோ அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டுவதாக அறிவித்து, வேலை நின்றுபோன நாட்களுக்கும் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். கடன் சுமையில் அந்த நிறுவனம் 2001ஆம் ஆண்டு திவால் பாதுகாப்பு கோரியது வேறு கதை. இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபின், சாயத்துக்குப் போகத் துணி இல்லாமல், ரைசிங்குக்கு வரத் துணி இல்லாமல் பல மாதம் வீட்டில் இருந்தவர் அவர். பிறகு, "அந்த மொதலாளி பேரு இன்னொருக்காச் சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குளிர் தணிந்த வாரத்திலேயே நான் ஃபிளீஸ் வாங்கப் போனேன். அளவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபிளீஸின் பெரிய நன்மைகளில் ஒன்று அதன் அகலம். கில்ட் பருத்தி வழக்கமாக 42 முதல் 44 அங்குல அகலத்தில் வருகிறது. ஃபிளீஸ் 58 முதல் 60 அங்குலம். மடியில் போட்டுக்கொள்ளும் அளவில், 52 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் கொண்ட ஒரு கில்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது துணி நகர்வதற்கு இடம் விட்டு, நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வைத்தால், பின்துணிக்கு 58க்கு 70 அங்குலம் வேண்டும். பருத்தியில் இதற்கு இரண்டு துண்டுகளை நடுவில் இணைக்க வேண்டும். மூன்றே கால் கெஜம் ஆகும். ஃபிளீஸில் இரண்டு கெஜம் போதும், நடுவில் தையலே வராது. அகலம் 58 அங்குலமே இருக்கும் ஃபிளீஸில் கரையை வெட்டி எடுத்தால் அந்தக் கூடுதல் இடம் சற்றுக் குறையும் என்பதால், வாங்கும்போதே கடைக்காரரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கட்டிலுக்கான கில்ட் என்றால் இந்த நன்மை போய்விடும். ஃபிளீஸை இணைத்துத் தைத்தால் இணைப்பு தடித்து உடம்பில் உறுத்தும். என் கருத்தில் ஃபிளீஸ் பின்துணி சோஃபாவுக்கும் சக்கர நாற்காலிக்கும் குழந்தைகளின் சிறு கட்டிலுக்கும் ஏற்றது. இரட்டைக் கட்டிலுக்கு 108 அங்குல அகலத்தில் விற்கிற பருத்தியே மேல்.

இரண்டாவது நன்மை, இடைப்பஞ்சை முழுவதுமாக விட்டுவிடலாம். ஃபிளீஸே பஞ்சின் வேலையைச் செய்கிறது. செலவு குறைவதோடு எடையும் குறைகிறது, எடைதான் இதில் முக்கியம். அப்பாவின் இடது தோளில் பழைய வலி உண்டு. கனமான போர்வையைத் தூக்கத்தில் தோளிலிருந்து இழுத்து எறிந்துவிடுவார், பிறகு குளிரில் விழித்துக்கொள்வார். பருத்தி இடைப்பஞ்சு வைத்த கில்ட்டை ஒரு கையால் மடிக்க அவரால் முடியவில்லை. ஃபிளீஸ் பின்துணியோடு இரண்டே அடுக்கில் தைத்ததை மடித்து, தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கும் போனார். இன்னும் சூடு வேண்டும் என்பவர்கள் மெல்லிய இடைப்பஞ்சு வைக்கலாம், ஆனால் தடித்த பஞ்சும் தடித்த ஃபிளீஸும் சேர்ந்தால் போர்வை விறைத்துக்கொண்டு உடம்பின் வளைவுக்கு மடியாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான நடுத்தர ஃபிளீஸ், பஞ்சு இல்லாமல் தைப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது. கடைகளில் எடையை எழுதியிருக்க மாட்டார்கள். கையால்தான் அறிய வேண்டும். கூடவே, விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிறு உருண்டைகளாகத் திரளத் தொடங்கினால் அந்தத் துணி ஒரு வருடத்தில் சொரசொரப்பாகிவிடும். உருண்டை திரளாதபடி பதப்படுத்தியது என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குவது நல்லது. நான் ஃபிளீஸ் வாங்கிய ஜோஆன் கடைகள் 2025ஆம் ஆண்டு நாடு முழுவதும் மூடப்பட்டுவிட்டன. இப்போது பலர் இணையத்தில் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, ஆகவே முதலில் கால் கெஜம் மட்டும் வரவழைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

இனி என் தவறு. பருத்திப் பின்துணியைத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் இறுக்கமாக இழுத்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டி, அதன்மேல் மற்ற அடுக்குகளைப் பரப்பி ஊக்கு குத்துவதுதான் கில்ட் தைக்கும் எல்லோருக்கும் சொல்லித் தரப்படும் முறை. நெய்த துணிக்கு அது சரி. அது இழுத்தாலும் நீளாது. நான் அதையே ஃபிளீஸுக்கும் செய்தேன். நீலப் பின்துணியை மத்தளத் தோல்போல இழுத்து ஒட்டினேன், ஊக்குகளைக் குத்தினேன், மூன்று இரவு உட்கார்ந்து தைத்தேன். தரையிலிருந்து எடுத்த கணத்திலேயே ஃபிளீஸ் தன் இயல்பான அளவுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. தையலில் மூழ்கியிருந்ததால் எனக்கு அது புரியவில்லை. முழுவதும் தைத்து முடித்து விரித்தபோது கில்ட் தரையில் படியவில்லை. நடுப்பகுதி சுருங்கிக் குவிய, ஓரங்கள் அலை அலையாக எழும்பி நின்றன. மேல்துணியில் நான் இணைத்திருந்த முக்கோணங்கள் ஒன்றுகூட நேராக இல்லை.

அப்பா படியிறங்கி அடித்தளத்துக்கு வந்து அதைப் பார்த்தார். ஒரு மூலையைத் தூக்கினார், உடனே தெரிந்துகொண்டார். "பின்னல் துணிய இழுத்து வெச்சுத் தெச்சியா கண்ணு?" என்று கேட்டார். பனியன் கம்பெனிகளில் உருளையாகச் சுற்றி வந்த துணியை உடனே வெட்ட மாட்டார்கள், பிரித்து மேசைமேல் தளர்வாக மடிப்பு மடிப்பாகப் போட்டு, ஓர் இரவாவது விட்டுவைப்பார்கள், சுற்றும்போது இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்பியபின்தான் கத்தரி வைப்பார்கள் என்று அவர் விளக்கினார். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த சட்டை முதல் சலவையில் குட்டையாகிவிடும். இதெல்லாம் நான் வளர்ந்த வீட்டில் தினமும் பேசப்பட்ட பேச்சு. அதைக் கேட்டபடியே பள்ளிப் பாடம் படித்து, கடல் கடந்து வந்து, அமெரிக்கத் தையற்கலையைக் கற்றுக்கொண்டபோது, அங்கே கேட்டதை இங்கே பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அந்த வருத்தம் கெட்டுப்போன கில்ட்டைப் பற்றிய வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நாங்கள் இருவரும் நான்கு நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். பிறகு அவர் சொன்னபடி செய்தேன். பிரித்தெடுத்த ஃபிளீஸை ஓர் இரவு தரையில் தளர்வாக விட்டோம். ஃபிளீஸ் தண்ணீரில் சுருங்காது, அதனால் முன்கூட்டித் துவைக்கத் தேவையில்லை. மேல்துணியின் பருத்தியைத்தான் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கக்கூடும். மேலே சுருங்கும் துணியும் கீழே சுருங்காத துணியும் சேர்ந்தால், தையலுக்கும் தையலுக்கும் இடையே ஃபிளீஸ் பைபோலத் தொங்கும். மறுநாள் ஃபிளீஸின் கரைகளை வெட்டி நீக்கினோம். எது நல்ல பக்கம் என்று தெரியாமல் நான் விழித்தபோது, வெட்டிய ஓரத்தைப் பிடித்து அகலவாக்கில் இழுத்துக் காட்டினார். ஓரம் ஒரு பக்கமாகச் சுருண்டது. போலார் ஃபிளீஸில் அது சுருளும் பக்கம்தான் உட்பக்கம். அந்த உட்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிச் சமன்செய்து, இழுக்காமல் ஒட்டுநாடா ஒட்டினோம். நாடா துணியைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. மேல்துணியை முன்பே இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஃபிளீஸோடு சேர்த்தபின் பருத்திக்குரிய சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அடியில் இருக்கும் பாலியெஸ்டர் பளபளத்துப் படிந்துவிடும் அல்லது உருகிவிடும். கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் நெருக்கமாகக் குத்தினோம். இடைப்பஞ்சு இருந்தால் அதன் சொரசொரப்பு மேல்துணியைப் பிடித்துக்கொள்ளும். ஃபிளீஸின் இழைகளோ தையலின் அழுத்தத்தில் படுத்து, துணியைத் தள்ளிக்கொண்டு போகும்.

இயந்திரத்தில் வாக்கிங் ஃபுட் என்ற, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்றே சொல்வேன். சாதாரணப் பாதத்தின் கீழ் அடித்துணியைப் பற்கள் நகர்த்த, மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் இரண்டையும் சேர்த்து நகர்த்தும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி இயந்திரத்தில் இருந்தால் ஒரு படி குறையுங்கள். தையலின் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். சிறு தையல் ஃபிளீஸுக்குள் புதைந்து துணியைச் சுருக்கும். 90/14 அளவுள்ள, பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி நல்லது, ஏனென்றால் கூரிய முனை பின்னலின் இழையை வெட்டும், உருண்டை முனை இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். மேல்துணியில் பல இணைப்புகள் ஒரே இடத்தில் சந்தித்தால் உருண்டை முனை தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கில்ட்டுகளுக்குச் சாதாரண ஊசியைப் போட்டும் தைத்திருக்கிறேன், துணி கெடவில்லை. பருத்தி மேலே இருக்கும்படி, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகத் தையுங்கள். நான்கு ஐந்து அங்குல இடைவெளியில் நேர்கோடுகளாகத் தைத்தால் போதும். பஞ்சு இல்லாததால் உள்ளே திரண்டு உருளும் என்ற அச்சம் இல்லை. நெருக்கமான பூவேலைத் தையலை இதில் முயல வேண்டாம், ஃபிளீஸின் மென்மையே போய்விடும். பின்பக்கத்தில் தையல் இழைகளுக்குள் மறைந்துவிடுவதால் அங்கே அழகு காட்ட வழியும் இல்லை. அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் பகுதியை அடிக்கடி திறந்து பஞ்சைத் துடைத்து எடுங்கள். எடுத்த பஞ்சை அப்பா விரலில் வைத்துப் பார்த்தார். "இதே பஞ்சுதான்" என்றார்.

ஓரத்துக்கு இரண்டு வழிகள். வழக்கம்போலப் பருத்திப் பட்டி வைத்துத் தைக்கலாம். அல்லது, ஃபிளீஸ் வெட்டிய இடத்தில் நூல் பிரியாது என்பதால், பின்துணியைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு முன்பக்கம் மடித்து அதையே பட்டியாகத் தைக்கலாம். இரண்டாவது வழி விரைவானது. குழந்தைகளுக்கு அந்த மென்மையான ஓரம் பிடிக்கும். நான் பருத்திப் பட்டியையே விரும்புகிறேன். கில்ட்டில் முதலில் தேய்வது ஓரம்தான், தேய்ந்த பருத்திப் பட்டியைக் கழற்றிப் புதிதாக வைக்க முடியும்.

நான் செல்லும் தையல் வட்டத்தில் ஐம்பது ஆண்டுகளாகக் கையால் கில்ட் தைத்துவரும் ஒரு மூத்த பெண்மணி இருக்கிறார். என் ஃபிளீஸ் கில்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது போர்வை, கில்ட் ஆகாது என்று மென்மையாகச் சொன்னார். அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. கைத்தையலுக்கு ஃபிளீஸ் உகந்ததன்று. ஊசி அதன் தடிமனில் சிக்கும். நுண்ணிய தையல் வெளியே தெரியாது. நூற்றாண்டு கழித்து ஓர் அருங்காட்சியகம் எடுத்து வைக்கும் பொருளாக அது இராது. ஆனால் கில்ட்டின் வரலாற்றைப் பார்த்தால், பின்துணி எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வீட்டில் எது கிடைத்தது என்பதே தீர்மானித்திருக்கிறது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் மாவும் தீவனமும் வந்த சாக்குத் துணியைத் துவைத்துக் கில்ட் தைத்தார்கள். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளை வெட்டிக் குளிருக்குப் போர்த்தும் கில்ட்டுகளைத் தைத்தார்கள். 1972ஆம் ஆண்டு சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் அப்பகுதித் தையல் கூட்டுறவுக்குக் கிடைத்தபோது, மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளும் கில்ட்டுகளாயின. 2002ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஜீஸ் பெண்ட் கில்ட்டுகள் தொங்கின. அந்தப் பெண்கள் சுவருக்காகத் தைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் குளிராமல் இருக்கத் தைத்தார்கள். அந்த நோக்கம்தான் கில்ட்டின் இலக்கணம் என்று நான் நம்புகிறேன், அந்த இலக்கணத்துக்குள் ஃபிளீஸ் தாராளமாக அடங்கும்.

ஃபிளீஸுக்கு எதிராக என் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறு. அது பிளாஸ்டிக். குடிநீர்ப் புட்டிகள் செய்கிற அதே பாலியெஸ்டர் வகை. புட்டிகளை மறுசுழற்சி செய்தும் ஃபிளீஸ் தயாரிக்கிறார்கள். ஒவ்வொரு சலவையிலும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. செயற்கை இழை உடை ஒன்று ஒரே சலவையில் 1,900க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று மார்க் பிரவுனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு 2011ஆம் ஆண்டில் வந்தது. நொய்யலுக்காகச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட அதே ஆண்டு. ஓர் ஆறு நிறம் மாறி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த எண்ணைக் கடந்துபோக முடியவில்லை. ஆகவே சில கட்டுப்பாடுகளை எனக்கே விதித்துக்கொண்டிருக்கிறேன். தேவை உள்ளவருக்கு மட்டும் ஃபிளீஸ் வைக்கிறேன், மற்றவர்களுக்கு ஃபிளானல்: அதுவும் தொட்டால் சூடாக இருக்கும் பருத்திதான், ஆனால் நிறையச் சுருங்கும், கனமும் கூடுதல், முன்கூட்டித் துவைக்காமல் அதைத் தொடக்கூடாது. ஃபிளீஸ் கில்ட்டை அடிக்கடி துவைப்பதில்லை. துவைக்கும்போது குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறையும் அளவு துணியோடு போடுகிறேன்; இழைகளைப் பிடிக்கும் வடிகட்டியை வெளியேற்றுக் குழாயில் பொருத்தியிருக்கிறேன். காயவைப்பது கொடியில்தான், ஃபிளீஸ் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பாலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். கணப்படுப்பின் அருகிலும் சமையலறையிலும் அதைப் போர்த்திக்கொண்டு போகக்கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் எந்தப் போர்வையையும் வைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வலியுறுத்துகிறது. நீங்கள் எவ்வளவு அன்போடு தைத்ததானாலும் அது விளையாடும்போது தரையில் விரிக்க மட்டுமே. குழந்தைக்குக் கில்ட் பரிசளிக்கும்போதெல்லாம் இதை ஒரு சீட்டில் எழுதி அதோடு குத்தி அனுப்புகிறேன்.

அப்பா அந்த ஏப்ரலில் ஊர் திரும்பினார். நீலக் கில்ட்டை எடுத்துப் போகச் சொன்னேன். திருப்பூர் வெயிலுக்கு அது எதற்கு என்று இங்கேயே விட்டுவிட்டார். மார்கழியில்கூட அங்கே ஃபிளீஸுக்கு வேலை இல்லை, வியர்வையை உறிஞ்சாத துணி அந்த ஊர் உடம்புக்கு ஆகாது. அது அவர் உட்கார்ந்திருந்த சோஃபாவின் முதுகில் மடித்துக் கிடக்கிறது. ஏழு குளிர்காலம் கடந்தும் விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பட்டி நைந்திருக்கிறது. அவர் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. புதுப்பட்டி வைக்க வேண்டும்.

சிறுவர்களுக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொண்டு சேர்க்கும் புராஜெக்ட் லைனஸ், 1995ஆம் ஆண்டு கொலராடோவில் தொடங்கிய அமைப்பு. எங்கள் வட்டம் இந்த மாதம் அதற்குப் பத்துக் கில்ட்டுகள் தைத்துத் தருகிறது. இரண்டு என் பொறுப்பு. மேல்துணிகள் இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கின்றன. மஞ்சள் ஃபிளீஸைச் சற்றுமுன்தான் உருளையிலிருந்து பிரித்து அடித்தளத் தரையில் தளர்வாகப் போட்டுவிட்டு வந்தேன். வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னார், பார்த்தார், "காலைல வரைக்கும் தொடாத கண்ணு" என்றார்.